நெஞ்சில் நின்ற சொற்கள்

மனித உடம்பின் உறுப்புகளுள் இதயத்தைப் போல மொழியில் பேரிடம் பெற்றது வேறொன்று இல்லை எனலாம். மூடிய கையின் அளவே உள்ள ஒரு தசைப்பொருள். மார்புக்கூட்டினுள் மறைந்து நின்று துடிப்பது. ஆயினும் அன்பையும் அச்சத்தையும், வீரத்தையும் நினைவையும், நம்பிக்கையையும் மனச்சான்றையும் மக்கள் அதன்மேல் ஏற்றியே பேசி வந்துள்ளனர். உலகில் எந்நாட்டுக்குச் சென்றாலும் இவ்வழக்கைக் காணலாம். எந்த உணர்ச்சியை எந்த உறுப்பில் வைத்துப் பேசுவது என்பதில் மட்டும் மொழிக்கு மொழி வேறுபாடு உண்டு.

இவ்வேறுபாடுகளை ஆராய்வதற்கு மட்டாஞ்சேரியினும் ஏற்ற இடம் கிடைப்பது அரிது. மலையாளம் இம்மண்ணின் மொழி. கொங்கணியரும் குசராத்தியரும் கச்சி மேமன்களும் தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்து வருகின்றனர். யூதர்கள் 1568-இல் கட்டிய பரதேசித் தொழுகைக் கூடம் இன்றும் நிற்கின்றது. போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஒருவர்பின் ஒருவராக வந்து ஆண்டு சென்றனர். இத்தனை மொழியாரின் நடுவே வாணிகம் கருதியும் தொழில் கருதியும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பத்தார் நாம். நம்மைச் சூழ்ந்துள்ள இம்மொழிகள் நெஞ்சைப் பற்றி என்ன சொல்கின்றன, நம் மொழி என்ன சொல்கின்றது என்பதை இம்மலரின் வாயிலாக எண்ணிப் பார்ப்பது நமக்கு இன்பமும் பயனும் தரும்.

மனப்பாடமும் மூன்று ஆட்சியாளரும்

நம் பிள்ளைகள் நாள்தோறும் செய்யும் ஒரு செயலிலிருந்து தொடங்குவோம். பாடத்தைப் புத்தகம் பாராமல் ஒப்பிப்பதை நாம் மனப்பாடம் என்கிறோம். நெட்டுரு என்றும் உருப்போடுதல் என்றும் கூறுவதுண்டு. ஆங்கிலேயர் இதனை ‘பை ஹார்ட்’ என்பர். இதயத்தால் கற்றல் என்பது அதன் பொருள். ஆங்கிலம் இவ்வழக்கைப் பிரெஞ்சு மொழியைப் பின்பற்றி அமைத்துக்கொண்டது என்பர். பிரெஞ்சில் ‘பார் கர்’ என்பதும் இதயத்தால் என்றே பொருள்படும். போர்த்துக்கீசிய மொழியில் ‘டெ கோர்’ என்பதும் அதுவே. ‘கோர்’ என்பது இதயத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்.

ஒல்லாந்தர் மட்டும் இவ்வழியே செல்லவில்லை. மனப்பாடமாகக் கற்பதை அவர்கள் தலையிலிருந்து கற்றல் என்று கூறுவர். ஆகவே, 1503-இல் இங்குக் கோட்டை கட்டிய போர்த்துக்கீசியர் நினைவை இதயத்தில் வைத்தனர். 1663-இல் அவர்களை வென்று கொச்சியைக் கைக்கொண்ட ஒல்லாந்தர் அதனைத் தலைக்கு ஏற்றினர். 1795-இல் ஒல்லாந்தரை அகற்றிய ஆங்கிலேயர் மீண்டும் இதயத்திற்கே இறக்கினர் என்று நாம் நகைச்சுவையாகச் சொல்லிக் கொள்ளலாம். இம்மூவர் ஆட்சிக்கும் அசையாத மலையாளமோ, மனப்பாடம் என்பதோடு ‘ஹ்ருதிஸ்தமாக்குக’ என்றும் கூறுகின்றது. இதயத்தில் நிலைபெறச் செய்தல் என்பது அதன் பொருள்.

இங்கே நம் தமிழ் நெஞ்சம் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி ஒன்றையும் நினைவு கூர்தல் வேண்டும். இந்திய மொழிகளுள் முதன்முதலாக அச்சேறியவற்றுள் தமிழுக்கு முதலிடம் உண்டு. தமிழர் அண்டிறிக்கு அடிகளார் என வழங்கும் போர்த்துக்கீசியப் பாதிரியார் முத்துக்குளித்துறையில் நெடுங்காலம் வாழ்ந்து தமிழ் கற்றவர். அவர் ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறுநூல் 1578-இல் கொல்லத்தில் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு, அதாவது 1579-இல், ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் அவரது மற்றொரு நூல் இக்கொச்சியிலேயே தமிழ் எழுத்தில் அச்சிடப்பெற்றது. அது வினாவும் விடையுமாக அமைந்த சமயப் பாடநூல். இத்தகைய நூல்கள் படித்து மூடி வைப்பதற்காக எழுதப்பெற்றவை அல்ல. கற்போர் வாயாற் சொல்லிச் சொல்லி நெஞ்சில் பதித்துக்கொள்வதற்காகவே எழுதப்பெற்றவை. ஆகவே கொச்சி மண்ணில் அச்சான தமிழ் நூலே மனப்பாடத்திற்காகப் பிறந்த நூல் என்று நாம் துணிந்து சொல்லலாம். நானூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழ் இங்கே எழுத்திலும் நின்றது, நெஞ்சிலும் நின்றது.

பண்டை ஆங்கிலரின் நெஞ்சறை

ஆங்கிலம் இன்று உலகெங்கும் பரவிய மொழி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அது ஒரு சிறு தீவில் வழங்கிய பழமொழி. அக்காலத்து ஆங்கிலர் மூளையை எண்ணத்தின் இருப்பிடமாகப் பேசியதில்லை. எண்ணம் மார்பில் உறைவது என்பதே அவர்களுடைய கவிஞர் மரபு. மனத்தில் மறைந்துள்ள எண்ணங்களை அவர்கள் ‘பிரெயோஸ்ட்ஹோர்டு’ என்றனர். மார்பில் சேர்த்து வைத்த கருவூலம் என்பது அதன் பொருள். ‘பேயோவுல்ஃப்’ என்னும் அவர்களுடைய பழங்காப்பியத்தில் இச்சொல் காணப்படுகின்றது. மனத்திற்கு ‘பிரெயோஸ்ட்கோவா’ என்றொரு பெயரும் உண்டு. மார்பினுள் அமைந்த அறை என்று அதற்குப் பொருள். நாம் நெஞ்சகம் என்கிறோமே, அதனோடு இச்சொல்லை ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்புத் தோன்றும். கடல்கள் பல கடந்த இரு மக்களினத்தார், ஒருவரையொருவர் அறியாமலே, மனத்திற்கு ஒரே வீட்டைக் கட்டியிருக்கின்றனர்.

துயரமும் சினமும் மிகும்போது மார்பு வெப்பத்தால் விம்முவதாகவும் பொங்குவதாகவும் அப்பழங்கவிஞர் பாடினர். நாமும் நெஞ்சு கொதிக்கிறது, உள்ளம் பொங்குகிறது, மனம் வெதும்புகிறது என்றே பேசுகிறோம். அடுப்பில் ஏற்றிய கலம் போன்றது நெஞ்சு என்னும் கருத்து இரு மொழிக்கும் பொதுவாகும்.

அக்காலத்து ஆங்கிலத்தில் மனம், துணிவு, செருக்கு ஆகியவற்றைக் குறித்த சொல் ‘மோட்’ என்பது. அதுவே இன்று ‘மூட்’ எனத் தேய்ந்து நிற்கின்றது. “இன்றைக்கு மூட் சரியில்லை” என்று நம் வீட்டுப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக் கொண்டு கூறும்போது, ஒரு பழங்குடியின் வீரச்சொல்லைத் தாம் ஆள்வதை அவர்கள் அறியார். 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமெனப் புகுந்தன. இலத்தீன் ‘கோர்’ என்பதிலிருந்து பிறந்த ‘கரேஜ்’ என்னும் சொல் வீரத்தைக் குறிக்க வந்து அமர்ந்தது. இணக்கத்தைக் குறிக்கும் ‘அக்கார்ட்’, பிணக்கத்தைக் குறிக்கும் ‘டிஸ்கார்ட்’, பதிவைக் குறிக்கும் ‘ரெக்கார்ட்’ ஆகிய மூன்றும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. பதிவு என்பது முதலில் ஏட்டில் எழுதுவதன்று. மீண்டும் நெஞ்சிற்குக் கொண்டு வருவதே என்பதை இறுதிச்சொல் காட்டுகின்றது. கடைகளில் விற்கும் எலுமிச்சைச் சாற்றுக் ‘கார்டியல்’ கூட முதலில் இதயத்திற்கு வலிவூட்டும் மருந்தின் பெயராக இருந்ததே.

ஆங்கிலேயருக்கும் நமக்கும் இடையே ஒரு சுவையான வேறுபாடும் உண்டு. உணவு செரியாமல் மார்பில் எரிச்சல் தோன்றினால் அவர்கள் ‘ஹார்ட்பர்ன்’ என்பர். நாம் நெஞ்செரிச்சல் என்போம். இதுவரை இரண்டும் ஒன்றே. ஆனால் பிறர் வாழ்வு கண்டு பொறாமல் புழுங்குவதையும் அவர்களுடைய பழைய வழக்கு இதய எரிச்சல் என்றே கூறிற்று. தமிழனோ அதனை வயிற்றெரிச்சல் என்றான். பொறாமைக்கு நெஞ்சில் இடம் கொடுக்கத் தமிழ் உடன்படவில்லை. அதனை வயிற்றுக்கு அனுப்பிவிட்டது. அச்சத்திற்கும் அதே கதி: வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறோம், குலை நடுங்குகிறது என்கிறோம். துணிவுக்கும் இரக்கத்திற்குமே நெஞ்சை ஒதுக்கி வைத்தோம்.

சிரத்தையும் கடனும்

ஆங்கில ‘ஹார்ட்’, இலத்தீன் ‘கோர்’, கிரேக்கக் ‘கார்டியா’, வடமொழி ‘ஹ்ருதயம்’ ஆகிய அனைத்தும் ஒரே பண்டைக் குடும்பத்துச் சொற்கள் என மொழிநூலார் நிறுவியுள்ளனர். இலத்தீனில் ககரமாக நிற்பது ஆங்கிலத்தில் ஹகரமாக மாறும் என்னும் ஒலிமாற்ற விதியைச் செர்மானிய அறிஞர் யாக்கோபு கிரிம் 1822-இல் விளக்கினார். நம் தமிழ்நெஞ்சு அக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. தென்மொழிகள் தனிக்குடும்பம் என்பதை எல்லிசு 1816-இலும், கால்டுவெல் 1856-இலும் எடுத்துக்காட்டினர்.

அவ்வடக்குக் குடும்பத்தில் மற்றுமோர் அரிய உறவு உண்டு. வடமொழியில் ‘சிரத்தா’ என்னும் சொல்லும், இலத்தீனில் நம்புகிறேன் என்று பொருள்படும் ‘கிரேடோ’ என்னும் சொல்லும் உடன்பிறந்தவை. இரண்டும் நெஞ்சை வைத்தல் என்னும் பொருளிற் பிறந்தவை என்பது மொழிநூலார் பெரும்பாலோர் கொள்கை. நாம் ஒரு செயலைச் சிரத்தையுடன் செய் என்கிறோம். மலையாளத்தார் கவனிக்க என்னும் பொருளில் ‘ஸ்ரத்திக்குக’ என்று பலகைகளில் எழுதுகின்றனர். படகுத் துறையிலும் பேருந்திலும் நாம் காணும் அவ்வெச்சரிக்கைச் சொல், ஆழ்ந்து நோக்கினால், இங்கே உன் நெஞ்சை வை என்று நம்மைப் பார்த்துக் கூறுவதாகும்.

அந்த இலத்தீன் ‘கிரேடோ’ என்பதன் வழிவந்ததே ‘கிரெடிட்’ என்னும் வாணிகச் சொல். மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகும் சுக்கும் ஏலமும் கைமாறிய நாளெல்லாம் கடனும் உடன் கைமாறியே வந்தது. மிளகு வாணிகத்திற்கென 1957-இல் இங்கே ஒரு வணிகர் சங்கமும் அமைந்தது. எழுத்தும் கையொப்பமும் எத்துணை வலிமை உடையனவாயினும், ஒரு மூட்டையைக் கடனாகத் தூக்கிக் கொடுப்பவன் தன் நெஞ்சையும் அதனோடு வைத்தே கொடுக்கின்றான். நம் முன்னோர் கணக்கேட்டில் பற்று, வரவு என இரு பத்திகள் இட்டனர். பற்று என்பது கணக்கில் எடுத்துக்கொண்ட பொருள்; அன்பினால் ஒட்டிக்கொள்ளுதலும் பற்றே. காசுக்கு நாணயம் என்று பெயர். நேர்மைக்கும் அதுவே பெயர். கடைத்தெருவின் வறண்ட சொற்களிலும் நெஞ்சின் ஈரம் இவ்வாறு ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

ஒரே தெருவில் ஈரலும் இதயமும்

அன்பை இதயத்தில் வைப்பதே எல்லார்க்கும் இயல்பு என்று எண்ணிவிடலாகாது. நம் பக்கத்து வீடுகளின் பேச்சைச் சற்றே செவிமடுத்தால் உண்மை விளங்கும். கொங்கணியர் இதயத்தைக் ‘காளிஜ்’ என்பர். குசராத்தியரிடமும் ‘காள்ஜும்’ என்னும் சொல் உண்டு. இவை ஈரலைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்தவை. உருது பேசுவோர் உயிரன்ன தோழனை ‘ஜிகர்’ என அழைப்பர், அதுவும் ஈரலே. மலையாளத்திலோ ‘கரள்’ என்பது ஈரல். தாய் தன் குழந்தையையும் காதலன் தன் காதலியையும் ‘கரளே’ என்று விளிக்கும்போது அச்சொல்லில் உள்ள குழைவு வேறெந்தச் சொல்லுக்கும் வாராது. மலாய் நாட்டில் வாழும் நம் உறவினரைக் கேட்டால், அந்நாட்டு மொழியில் உள்ளத்தைக் குறிக்கும் ‘ஹாத்தி’ என்பதும் ஈரலைக் குறிப்பதே எனக் கூறுவர். நாமும் பேரச்சம் வரும்போது ஈரக்குலையே நடுங்கிவிட்டது என்கிறோம்.

யூதர்களின் எபிரேய மொழியில் இதயத்தைக் குறிக்கும் சொல் ‘லேவ்’ என்பது. அது அன்பிற்கு மட்டும் உரியதன்று. அறிவுக்கும் ஆராய்ச்சிக்கும் அதுவே இருப்பிடம். நெஞ்சினால் உணர்வது வேறு, அறிவினால் ஆராய்வது வேறு என்று இக்காலத்தார் பிரிக்கும் பிரிவை அப்பழைய மொழி அறியாது.

மலையாளத்தில் ‘சங்கு’ என்பதையும் நாம் மறத்தலாகாது. நம் ஊர்ப்புறங்களில் சங்கு என்றால் குரல்வளை. மலையாளத்தில் அது தொண்டையிலிருந்து நெஞ்சுவரை இறங்கியுள்ளது. ‘சங்கூற்றம்’ என்றால் நெஞ்சுரம். இற்றைநாள் இளைஞர் உற்ற தோழனையே ‘சங்கு’ என்று அழைக்கின்றனர். சொற்களும் மக்களைப் போலவே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் குடிபெயர்வனவாம்.

மரக்கடைக்குச் சென்றால் இன்னும் ஒரு வியப்பு. முற்றிய மரத்தின் நடுவிலுள்ள வலிய பகுதியை ஆங்கிலேயர் மரத்தின் இதயம் என்பர். நாம் வைரம் என்கிறோம். இலக்கியத்தில் காழ் எனப்படும். மலையாளத்தார் அதனைக் ‘காதல்’ என்கின்றனர். காதல் உள்ள தடியே விலைபோகும் என்பர். நமக்குக் காதல் அன்பு; அவர்களுக்கு அது மரத்தின் உள்வலிமை. இரு மொழியும் அறிந்தவனுக்கு இவை ஒலியால் ஒன்றாகி, வலிமையில்லாத அன்பு அன்பாகுமா என்னும் எண்ணத்தை எழுப்புகின்றன.

நெஞ்சு, உள்ளம், அகம்

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழில் மனத்தைக் குறிக்கும் சொற்கள் பல. ஆனால் அவை ஒன்றற்கொன்று வெறும் மாற்றுப் பெயர்கள் அல்ல.

உள்ளம் என்பது உள் என்பதன் அடியாகப் பிறந்தது. உள்ளுதல் என்றால் நினைத்தல். நினைப்பு எழுந்து ஊக்கமாய் நிமிரும்போது அதனை உள்ளம் என்கிறோம். ஊக்கமுடைமை என்னும் 60-ஆம் அதிகாரத்தில் திருவள்ளுவர் ஊக்கத்தையே உள்ளம் என்னும் சொல்லால் ஆளுகின்றார்.

அகம் என்பது உட்பக்கம். மனம் என்றும் வீடு என்றும் பொருள்படும். நம் முன்னோர் காதல் வாழ்வைப் பாடும் பாட்டிற்கே அகம் என்று பெயரிட்டு, போரும் கொடையும் புகழும் பாடுவதைப் புறம் என்றனர். கவிதையை இவ்வாறு உள்ளும் வெளியுமாகப் பகுத்த பெருமை நம் இலக்கியத்திற்கு உரியது. மலையாளத்தில் உள்ளே என்பதற்கு ‘அகத்து’ என்பது இன்றும் தெருவழக்கு. நம்மிற் சிலர் வீட்டை ‘ஆம்’ என்றும், வீட்டில் என்பதை ‘ஆத்திலே’ என்றும் கூறுவதும் இவ்வகத்தின் திரிபே.

நெஞ்சு என்பது இவற்றினும் நெருக்கமானது. அது உடம்பின் ஓரிடமும் ஆகும். உள்ளிருந்து பேசும் தோழனும் ஆகும். திருக்குறளின் 125-ஆம் அதிகாரம் நெஞ்சொடு கிளத்தல். 130-ஆம் அதிகாரம் நெஞ்சொடு புலத்தல். பிரிவால் வருந்தும் தலைவி முன்னதில் தன் நெஞ்சோடு உரையாடுகின்றாள். பின்னதில் அதனோடு பிணங்குகின்றாள். தன் மனத்தைத் தன்னினும் வேறான ஒருவராக எதிரே நிறுத்திப் பேசும் இவ்வழக்கைத் தமிழ்ப் புலவர் ஈராயிரம் ஆண்டளவாகப் போற்றி வந்துள்ளனர். மனச்சான்று என்னும் சொல்லைக் கல்லாத பாமரரும் “நெஞ்சைத் தொட்டுச் சொல்” என்று கேட்கும்போது அத்தோழனையே சாட்சிக்கு அழைக்கின்றனர்.

இந்நெஞ்சு என்னும் வேரிலிருந்து கிளைத்த சொற்கள் எத்தனை! இடுக்கண் வந்துழி நிலைகுலையாமை நெஞ்சுரம். பிறர் துயர் கண்டும் அசையாமை நெஞ்சழுத்தம். வறியவர்க்கு உருகுவது நெஞ்சிரக்கம். உருகாதவனை நெஞ்சில் ஈரமில்லாதவன் என்கிறோம். ஈரம் என்ற ஒரு சொல்லிலேயே தண்ணீரும் கருணையும் கலந்து நிற்கின்றன. மழையை நோக்கி வாழும் உழவர் குடியிற் பிறந்த மொழிக்கு இதனினும் பொருத்தமான உவமை கிடைக்குமோ?

மலையாளமும் இச்செல்வத்தில் பங்குடையதே. நெஞ்சு, உள்ளு, அகம் ஆகிய மூன்றும் அங்கும் உயிருடன் வழங்குகின்றன. துணிவை ‘நெஞ்சூக்கு’ என்பர். குண்டர்ட் பெருமகனார் 1872-இல் வெளியிட்ட மலையாள அகராதியைப் புரட்டுவோர், பக்கந்தோறும் நம் உறவுச் சொற்களைச் சந்திப்பர். இது வியப்பன்று. இங்கிருந்து வடக்கே சில காவதத் தொலைவில் உள்ள கொடுங்கல்லூர்ப் பகுதி சேரநாட்டின் பழந்துறைமுகமாக விளங்கிய இடம். சேர மன்னரைப் பாடிய பதிற்றுப்பத்தும், சேரர்குடி இளங்கோவடிகள் இயற்றியதாக வழங்கும் சிலப்பதிகாரமும் தமிழிலேயே எழுந்தன. ஏறத்தாழ 9-ஆம் நூற்றாண்டு முதல் இம்மண்ணின் மொழி தனிநடை கொண்டு மலையாளமாக வளர்ந்தது. ஆகவே நாம் இங்கு வந்தது அயல்வீட்டிற்கு அன்று. நெடுநாள் முன்னே தனிக்குடித்தனம் போன உடன்பிறந்தாள் வீட்டிற்கே வந்தோம்.

நமக்கு உள்ள இடர்

இவ்வளவு செல்வம் இருந்தும் இன்று நம் இல்லங்களில் நிகழ்வது யாது? பாட்டியார் நெஞ்சு பதறுகிறது என்கிறார். தாயார் மனம் கேட்கவில்லை என்கிறார். பெயர்த்தி எல்லாவற்றையும் ‘ஹார்ட்’ என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுகின்றாள். நெஞ்சுரமும் நெஞ்சழுத்தமும் அவளுக்கு ஒன்றாகவே தோன்றும். ஆனால் முன்னது சான்றோர் குணம். பின்னது கொடியோர் குணம். வேறுபாட்டைக் குறிக்கும் சொல் மறைந்தால் வேறுபாட்டைக் காணும் கண்ணும் மெல்ல மங்கும் என்று நாம் அஞ்சுகிறோம்.

இதயம் என்னும் சொல்லை நாம் வெறுக்கவில்லை. வடமொழியிலிருந்து வந்து தமிழொலிக்கு இசைந்து நெடுங்காலமாக நம்மோடு வாழும் சொல் அது. மருத்துவத்திற்கு அது இன்றியமையாதது. 1628-இல் வில்லியம் ஆர்வி என்னும் ஆங்கில மருத்துவர், இதயம் குருதியை உடலெங்கும் செலுத்தும் கருவியே என்பதை நூலெழுதி நிறுவினார். 1967-இல் தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இதயம் மற்றொருவர் மார்பில் பொருத்தப்பெற்றது. இந்தியாவில் 1994-இல் புதுதில்லியிலும், கேரளத்தில் 2003-இல் நமக்கு எதிர்க்கரையிலுள்ள எறணாகுளத்திலும் அவ்வருஞ்செயல் முதன்முதலாக நிகழ்ந்தது. பிறர் இதயத்தைப் பெற்றவர் தம் மனைவி மக்களை மறந்துவிடவில்லை. அவர் அன்பு மாறிப் போகவும் இல்லை. ஆங்கிலத்தில் இதனை விளக்கப் பல சொற்கள் வேண்டும். தமிழிலோ இதயம் மாறியது, நெஞ்சு மாறவில்லை என்று சொன்னால் போதும். உறுப்புக்கு ஒரு சொல்லும் உணர்வுக்கு ஒரு சொல்லும் வைத்திருக்கும் மொழியின் பயன் இதுவே. இரண்டையும் ‘ஹார்ட்’ என்னும் ஒன்றாலேயே விழுங்கிவிட்டால் இழப்பு நமக்கே.

பிள்ளைகளுக்குச் சோறு போடுவது ஆங்கிலம், அக்கம்பக்கத்தில் பழகுவதற்கு மலையாளம், தமிழ் எதற்கு என்று வினவுவோரும் நம்மிடையே உளர். அவர்களது கவலை பொய்யன்று. பள்ளியிலும் அலுவலகத்திலும் கடையிலும் பிள்ளைகள் எம்மொழி பேசினும் அதற்காக நாம் வருந்தவேண்டுவதில்லை. அச்சொற்களைத் தருவதற்குப் பள்ளியும் அலுவலகமும் கடையும் உள்ளன. ஆனால் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் தலைமாட்டில் அமர்ந்து பேசும் சொல்லையும், பிரிந்து செல்லும் மகளைத் தழுவிக் கூறும் சொல்லையும், இறந்தாரை நினைந்து அழும் சொல்லையும் எந்தப் பள்ளி கற்பிக்கும்? அவை வீட்டிலன்றி வேறெங்கும் கிடையா. வீடு அவற்றைக் கொடுக்கத் தவறின் கொடுப்பார் வேறில்லை. குடிபெயர்ந்தோர் மொழி கடைத்தெருவில் குறைவது இயற்கை. அகத்தினுள் குறைந்தால் அதுவே முடிவு.

மலையாளச் சொற்கள் நம் பிள்ளைகள் வாயில் கலப்பதைக் கண்டு சில பெரியோர் முகம் சுளிப்பதும் வேண்டாதது. ‘அகத்து’ என்றும் ‘உள்ளு’ என்றும் பிள்ளை சொல்லும்போது, அது நம் பழந்தமிழே மறுவழியில் வீடு திரும்புவதாகும். அதனைத் திருத்துவதை விட, அச்சொல்லின் தமிழ் உறவை எடுத்துச் சொல்வது நலம்.

மனத்தில் எழுந்த கோயில்

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார் வரலாற்றை நாமெல்லாம் அறிவோம். இறைவனுக்குக் கோயில் எடுக்க விரும்பினார்; கையில் பொருளில்லை. ஆகவே கல்லும் மரமும் மனத்தினாலேயே தேடி, நாள் குறித்து, மனத்தினுள்ளேயே கோயில் கட்டினார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் எழுப்பிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு அமைந்திருந்தது. இறைவன் மன்னன் கனவில் தோன்றி, பூசலார் கோயிலுக்கே தாம் செல்லவிருப்பதாகக் கூறி நாளை மாற்றச் செய்தார் என்று 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் கூறும். திருநின்றவூரில் இறைவன் இன்றும் இருதயாலீசுவரர் என்னும் திருப்பெயருடன் விளங்குகின்றார். சமய நம்பிக்கை எதுவாயினும், இவ்வரலாற்றின் கருத்து ஊர்விட்டு வந்தோர் அனைவர்க்கும் உரியது. ஊரையும் ஆற்றையும் தேரோடும் வீதியையும் நாம் பெயர்த்துக்கொண்டு வரவில்லை, வரவும் இயலாது. நாம் கொணர்ந்தது சொல் ஒன்றே. அதைக் கொண்டுதான் இக்கடற்கரையில் நம் ஊரை நாம் மனத்தினாலே கட்டிக்கொண்டோம்.

ஆதலின் சங்கத்துக் குடும்பத்தார் அனைவரையும் ஒன்று வேண்டிக்கொள்கிறோம். வீட்டில் உள்ள முதியோரிடம் அமர்ந்து, நெஞ்சு, உள்ளம், மனம், வயிறு, குலை ஆகியவற்றைக்கொண்டு அவர்கள் வழங்கும் சொற்றொடர்களைப் பிள்ளைகள் ஓர் ஏட்டில் எழுதட்டும். நெல்லையார் ஒன்று கூறுவர். தஞ்சையார் ஒன்று கூறுவர். கொங்குநாட்டார் வேறொன்று கூறுவர். அருகில் உள்ள மலையாள வீட்டாரிடமும் கொங்கணி வீட்டாரிடமும் கேட்டு அவர்கள் சொற்களையும் எதிர்ப்பக்கத்தில் எழுதட்டும். அடுத்த ஆண்டு மலருக்கு அவ்வேடுகளே சிறந்த கட்டுரையாகும். எழுதி முடித்தபின் ஏட்டை மூடிவிட்டு, அச்சொற்களைப் பேச்சில் வழங்கட்டும். 1579-இல் இம்மண்ணில் தமிழ் அச்சேறிய காலத்து மக்கள் செய்தது போல, ஏட்டிலிருந்து நெஞ்சிற்கு அவை ஏறட்டும்.

வாழிய செந்தமிழ்! வாழிய நம் குடிகள்! வாழிய நம்மை ஏற்று வாழவைக்கும் இக்கொச்சி நன்னாடு!